கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

நோய்ப் பரவல் ஆய்வும் புள்ளியியலும்: வாசகர் கேள்வி-பதில்

பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பகுதியைப் பற்றிய தகராறுகள்தான். மேலே உள்ள எண்ணைச் செய்தித்தாளே பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறது. கீழே உள்ளதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: கல்யாண விருந்து சாப்பிட்ட பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். பாதிக்கப்பட்டவர்களை விசாரித்தால் பத்தில் ஒன்பது பேர் சாம்பார் சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள். சாம்பார்தான் காரணம் என்று அறிக்கை எழுதலாமா?
— சுகாதார ஆய்வாளர், திருவண்ணாமலை மாவட்டம்

எழுத வேண்டாம். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொள்ளாதவர் யார்? நோய் வராதவர்களைக் கேட்டாலும் பத்தில் ஒன்பது பேர் அதையேதான் சொல்வார்கள். நீங்கள் நோயாளிகளை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது சாப்பிட்டவர்களை.

முதல் வேலை, யாரை நோயாளி என்று சேர்ப்பது என ஒரு வரையறையை எழுதிவைப்பது. உதாரணமாக, 'விருந்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் வாந்தி, அல்லது ஒரே நாளில் மூன்று முறையாவது தண்ணீராகப் பேதி.' இதை எழுதாமல் களத்தில் இறங்கினால், ஏப்பம் விட்டவர்கூடப் பட்டியலில் ஏறிவிடுவார். அடுத்து, வந்தவர்கள் அத்தனை பேரின் பட்டியல் வேண்டும். இதற்கு மொய் நோட்டைவிட நல்ல ஆவணம் கிடையாது. குடும்பத் தலைவர் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும். அங்கிருந்து குடும்பத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று விரிக்கலாம். சமையல்காரர்கள், பரிமாறியவர்கள், மண்டபத்து ஊழியர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, நோய் வந்தவர், வராதவர் இருவரிடமும் ஒரே தாளை வைத்து ஒரே மாதிரி கேட்க வேண்டும். 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இலையில் வைத்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, 'சாப்பிட்டேன், இல்லை, நினைவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். எந்தப் பந்தி, எத்தனை மணி, நோய் தொடங்கிய மணி ஆகியவையும் வேண்டும். ஊர் முழுக்கப் பாயசம்தான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டால் நோயாளிகளுக்குப் பாயசம் நன்றாக நினைவுக்கு வரும், மற்றவர்களுக்கு வராது. ஆகவே நாள் கடத்த வேண்டாம்.

கணக்கு எளிது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இரண்டு விகிதம்: சாப்பிட்டவர்களில் எத்தனை சதவீதம் நோயுற்றார்கள், சாப்பிடாதவர்களில் எத்தனை சதவீதம். 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ வட்டாரத்தில் தேவாலய விருந்தொன்றில் நடந்ததை இன்றும் உலகமெங்கும் பாடமாக நடத்துகிறார்கள். விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு நோய். பேக் செய்த பன்றி இறைச்சி சாப்பிட்ட 46 பேரில் 29 பேர் நோயுற்றார்கள், 63 சதவீதம். பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தொடாத 29 பேரில் 17 பேர், அதாவது 59 சதவீதம். வித்தியாசமே இல்லை. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் (80 சதவீதம்). சாப்பிடாத 21 பேரில் 3 பேர் (14 சதவீதம்). முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 5.6. இதுதான் ரிலேட்டிவ் ரிஸ்க், ஒப்பீட்டு அபாயம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 1.9 முதல் 16 வரை. இடைவெளி அகலம்தான், என்றாலும் வித்தியாசமே இல்லை என்று பொருள்படும் 1ஐத் தாண்டியே நிற்கிறது.

சாப்பிடாத மூவருக்கு எப்படி வந்தது என்று மேலதிகாரி கேட்பார். கரண்டி மாறியிருக்கலாம், குழந்தை தின்ற மிச்சத்தை ருசி பார்த்திருக்கலாம், மறந்திருக்கலாம், வேறு காரணத்தால் பேதியாகியிருக்கலாம். இப்படி இரண்டு மூன்று பேர் இல்லாத பட்டியலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் சாம்பாருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பொருளுக்குச் 'சாப்பிடாதவர்' என்ற வரிசையே இருக்காது. வகுக்க ஆள் இல்லை. அப்போது அளவைக் கேளுங்கள்: ஒரு தடவையா, இரண்டு மூன்று தடவையா? அளவு ஏற ஏற நோய் விகிதமும் ஏறுகிறதா என்று பாருங்கள். பந்தி வாரியாகவும் பிரியுங்கள். காலை பத்து மணிப் பந்தியில் யாருக்கும் ஒன்றுமில்லை, ஒன்றரை மணிப் பந்தியில் பாதிப் பேர் விழுந்தார்கள் என்றால், இடைப்பட்ட மூன்றரை மணி நேரத்தில் அண்டாவில் என்ன நடந்தது என்பதே கேள்வி. நோய் தொடங்கிய நேரத்தை மணிக்கணக்கில் பட்டைப் படமாக வரைந்துவிடுங்கள். ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி மிகுதி என்றால் ஸ்டாபிலோகாக்கஸ் அல்லது சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி கக்கிய நச்சு. அரை நாளிலிருந்து ஒன்றரை நாள் வரை எடுத்து, காய்ச்சலும் சேர்ந்தால் சால்மோனெல்லா பக்கம் பாருங்கள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது எதைத் தேட வேண்டும் என்று எழுத இது உதவும்.

கேள்வி: எல்லா ஆய்விலும் ரிலேட்டிவ் ரிஸ்க் போடலாமே, ஆட்ஸ் ரேஷியோ என்று இன்னொன்று எதற்கு? எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இரண்டையும் தருகிறது.
— பொது சுகாதார முதுநிலை மாணவி, வேலூர்

மென்பொருள் கேட்டதைத் தரும். கேட்கலாமா கூடாதா என்று சொல்லாது.

1950இல் பிரிட்டன் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும், அதே வயது, அதே பாலினத்து வேறு நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். ஆண்களில் 649 புற்றுநோயாளிகள்; புகைக்காதவர் அதில் வெறும் 2 பேர். ஒப்பீட்டுக்கு எடுத்த 649 பேரில் 27 பேர். இப்போது 'புகைப்பவர்களில் எத்தனை சதவீதத்துக்குப் புற்றுநோய்' என்று கணக்கிட முயலுங்கள்: புகைத்தவர் மொத்தம் 647+622=1,269; அதில் 647 பேருக்குப் புற்றுநோய், 51 சதவீதம்! அபத்தம். நோயாளிக்கு ஒருவர் என்று ஒப்பீட்டாளரைச் சேர்த்தது ஆய்வாளர்தானே. மூன்று பேரைச் சேர்த்திருந்தால் அந்த 51 சரிந்திருக்கும். பகுதி நம் கையால் செய்தது, அதனால் அதை வைத்து அபாயம் கணக்கிட முடியாது.

ஆட்ஸ் ரேஷியோ இதிலிருந்து தப்பிக்கிறது. புகைத்தவர்–புகைக்காதவர் விகிதத்தை நோயாளிகளிடம் ஒன்றும் ஒப்பீட்டாளரிடம் ஒன்றுமாக எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பதே அது. குறுக்குப் பெருக்கல்: (647×27)÷(622×2) = 14. ஒப்பீட்டாளரை எத்தனை மடங்கு கூட்டினாலும் இந்த எண் சராசரியாக மாறாது. நோய் மக்களிடையே அரிதாக இருந்தால் இது ரிலேட்டிவ் ரிஸ்க்குக்கு மிக அருகில் நிற்கும் என்று 1951இல் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் காட்டினார்.

'அரிதாக இருந்தால்' என்பதை விட்டுவிடுவதால்தான் வம்பு. மேலே சொன்ன ஐஸ்கிரீம் அட்டவணையையே எடுங்கள். ரிலேட்டிவ் ரிஸ்க் 5.6. ஆட்ஸ் ரேஷியோ (43×18)÷(11×3) = 23.5. ஒரே அட்டவணை, ஒரே விருந்து. ஆட்ஸ் ரேஷியோவை '23 மடங்கு அபாயம்' என்று எழுதினால் அது பொய். ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம் என்று நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு இருக்கும் நோய்களில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆட்ஸ் ரேஷியோ தரும் கணக்கு முறை) போட்டு, வந்த ஆட்ஸ் ரேஷியோவை 'மடங்கு' என்று மொழிபெயர்க்கும் ஆய்வேடுகள் ஏராளம். பத்து சதவீதத்தைத் தாண்டிய நோய்க்கு, குறுக்குவெட்டு ஆய்வோ தொடர் கண்காணிப்பு ஆய்வோ செய்திருந்தால், மடங்கை நேரடியாகத் தரும் லாக்-பைனோமியல் மாதிரியில் முயலுங்கள். அது பல நேரம் முடிவுக்கு வராமல் மென்பொருளிலேயே நின்றுவிடும். அப்போது ரோபஸ்ட் வேரியன்ஸ் சேர்த்த பாய்ஸான் ரிக்ரெஷன். அந்த ரோபஸ்ட் என்ற தேர்வைச் சொடுக்க மறந்தால் நம்பிக்கை இடைவெளி வேண்டாத அளவுக்கு அகன்றுவிடும்.

கேள்வி: சர்க்கரை நோய் 20 சதவீதம் என்று வைத்து, நான்கு பி க்யூ பை எல் ஸ்கொயர் போட்டேன், 256 வந்தது. ஒரு வட்டாரத்துக் கிராமங்களில் வீடு வீடாக எடுக்கப் போகிறேன். போதுமா?
— சமூக மருத்துவத் துறை முதுநிலை மாணவர், மதுரை

பெருக்கல் சரி: 4×20×80÷(5×5) = 256. பி என்பது நோயுள்ளோர் சதவீதம், க்யூ நூறில் மீதி, எல் நாம் ஏற்றுக்கொள்ளும் பிழை. ஆனால் அந்தச் சூத்திரம் உங்கள் களத்துக்கு எழுதியது அல்ல. மொத்த வட்டாரத்தின் பெயர்ப் பட்டியலையும் ஒரு பானையில் போட்டு 256 சீட்டு எடுப்பவருக்கு அது பொருந்தும். நீங்கள் கிராமங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருபது பேர் கொண்ட ஒரு கொத்தை (கிளஸ்டர்) எடுப்பீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் உணவிலும் வேலையிலும் உறவிலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். இருபதாவது ஆள் புதிதாகச் சொல்வது குறைவு. இந்த இழப்புக்கு டிசைன் எஃபெக்ட் என்று பெயர். அது 1 + (ஒரு கிளஸ்டரில் எடுக்கும் ஆட்கள் − 1) × ஊருக்குள் உள்ள ஒப்புமை அளவு. இருபது பேர், ஒப்புமை 0.05 என்றால் 1 + 19×0.05 = 1.95. 256ஐ இதால் பெருக்கினால் சுமார் 500. பத்து சதவீதம் பேர் கிடைக்க மாட்டார்கள் என்று 0.9ஆல் வகுத்தால் 555. இருபது இருபதாக 28 கிளஸ்டர், மொத்தம் 560 பேர்.

கவனித்திருப்பீர்கள்: ஒரு ஊரில் நாற்பது பேர் எடுத்தால் டிசைன் எஃபெக்ட் 2.95 ஆகிவிடும். ஊர்களைக் கூட்டுவதே லாபம், ஊருக்குள் ஆட்களைக் கூட்டுவது அல்ல. பெட்ரோல் செலவு வேறு மாதிரி வாதிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிவெடுங்கள். தடுப்பூசிக் கணக்கெடுப்பில் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் பயன்படுத்திய '30 கிளஸ்டர், தலா 7 குழந்தைகள்' முறையும் டிசைன் எஃபெக்ட் 2 என்று வைத்துப் பிறந்ததுதான்: சீட்டு எடுக்கும் முறைக்குத் தேவையான 96 பேர்×2 = 192, மேலே உருட்டினால் 210.

எல் என்பது ஐந்து புள்ளியா, 20 சதவீதத்தில் ஐந்து சதவீதமா என்று தெளிவாக எழுதுங்கள். பிந்தையது என்றால் எல் = 1, தேவை 6,400 பேர். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்த 20 சதவீதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். சென்னையில் எடுத்த எண்ணை மலைக் கிராமத்துக்குப் போடக்கூடாது.

கிராமத் தேர்வு: ஊர்களை வரிசையாக எழுதி, மக்கள் தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 84,000 என்று வையுங்கள்; 28ஆல் வகுத்தால் 3,000. 1 முதல் 3,000க்குள் ஒரு சமவாய்ப்பு (ரேண்டம்) எண், 1,140 என்று விழட்டும். 1,140ஆவது ஆள் எந்த ஊரில் வருகிறாரோ அது முதல் கிளஸ்டர். பிறகு 4,140, 7,140 என்று போகவும். பெரிய ஊர் இரண்டு முறை வந்தால் அங்கே இரண்டு கிளஸ்டர். 'இரண்டு தடவை எதற்கு' என்று ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள், முறையே கெட்டுப்போகும்.

ஊருக்குள் கோயில் வாசலில் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் தெருவில் தொடங்கும் பழைய பழக்கத்தை விடுங்கள். நடுத்தெரு வீடுகளே அடிக்கடி விழும். ஊரோரக் குடியிருப்பு விட்டுப்போகும். வீடுகளுக்கு எண் போட்டு, சமவாய்ப்பு எண்ணால் எடுங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்பதும் கூடாது. பகல் பதினொரு மணிக்குத் திறந்திருக்கும் வீட்டில் வயதானவர்கள்தான் இருப்பார்கள். வேலைக்குப் போன நாற்பது வயதுக்காரர் இருக்க மாட்டார். சர்க்கரை நோய் சதவீதம் தானாக ஏறிவிடும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இன்னும் இரண்டு தடவை போய்ப் பாருங்கள்; அப்போதும் கிடைக்கவில்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்றே எழுதுங்கள். அதற்குத்தான் பத்து சதவீதம் கூட்டிவைத்தோம்.

கேள்வி: முகாமில் பயன்படுத்தும் ரேபிட் டெஸ்ட் 98 சதவீதம் சரியானது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் பாசிட்டிவ் வந்தவர்களை மறுபடி சோதித்தால் மூன்றில் இருவருக்கு நோயே இல்லை. டெஸ்ட் மோசமா?
— செவிலியர், திருச்சி

டெஸ்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 98, அநேகமாக ஸ்பெசிபிசிட்டி: நோய் இல்லாத நூறு பேரில் 98 பேருக்கு 'இல்லை' என்று சொல்லும். நீங்கள் கேட்பது பாசிட்டிவ் வந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் என்று. இரண்டுக்கும் பகுதி வேறு.

10,000 பேர் முகாமுக்கு வருகிறார்கள், நூற்றுக்கு ஒருவருக்கு நோய் என்று வையுங்கள். நோயாளிகள் 100. சென்சிடிவிட்டி, அதாவது நோயுள்ளவர்களை டெஸ்ட் கண்டுபிடிக்கும் விகிதம், 90 சதவீதம் என்றால் அவர்களில் 90 பேர் பாசிட்டிவ். நோயில்லாதவர் 9,900, அதில் இரண்டு சதவீதம், 198 பேர், தவறாகப் பாசிட்டிவ். மொத்தம் 288 பாசிட்டிவில் உண்மை 90 மட்டும், 31 சதவீதம். நீங்கள் பார்த்த மூன்றில் ஒன்று இதுதான். இதே பெட்டியை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் மருத்துவமனை வார்டுக்குக் கொண்டுபோனால் பாசிட்டிவில் 98 சதவீதம் உண்மையாகிவிடும்.

ஊரில் எத்தனை சதவீதம் என்று அறிய, முகாமில் கிடைத்த 2.88 சதவீதத்தை அப்படியே எழுதக்கூடாது. (கிடைத்த விகிதம் + ஸ்பெசிபிசிட்டி − 1) ÷ (சென்சிடிவிட்டி + ஸ்பெசிபிசிட்டி − 1) என்று திருத்த வேண்டும்: (0.0288 + 0.98 − 1) ÷ (0.90 + 0.98 − 1) = 0.01. பழைய ஒரு சதவீதம் திரும்பக் கிடைத்துவிட்டது. ரோகன்–கிளாடன் திருத்தம் என்று பெயர். கிடைத்த விகிதம் இரண்டு சதவீதத்துக்குக் கீழே போனால் விடை எதிர்மறை எண்ணாக வரும். சூத்திரத்தில் பிழையில்லை, அந்த டெஸ்டை வைத்து அவ்வளவு அரிதான நோயை அளக்க முடியாது என்று பொருள். 2020 மே–ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய முதல் தேசியக் கொரோனா எதிர்ப்பொருள் கணக்கெடுப்பில் விடை 0.73 சதவீதம். இத்தனை சிறிய எண்ணில் பொய்ப் பாசிட்டிவ்களே கணக்கை விழுங்கிவிடும் என்பதால், முதல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தவற்றை வேறொரு நிறுவனத்தின் கிட்டில் இரண்டாம் முறை சோதித்தே எண்ணினார்கள்.

கேள்வி: தடுப்பூசி 95 சதவீதம் பலன் என்றால், போட்டுக்கொண்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்பதுதானே?
— கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

இல்லை. ஃபைசர் கொரோனா தடுப்பூசியின் 2020 சோதனையில் இரு குழுவிலும் சுமார் 18,000 பேர். ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு நோய், வெறும் உப்புநீர் போட்டவர்களில் 162 பேருக்கு. நூறில் ஐந்து எங்கே, பதினெட்டாயிரத்தில் எட்டு எங்கே! 8ஐ 162ஆல் வகுத்தால் 0.05, ஒன்றிலிருந்து கழித்தால் 95 சதவீதம். போடாவிட்டால் வந்திருக்கக்கூடிய நோயில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது என்று படிக்க வேண்டும்.

ஊசி போட மறுத்தவர்களையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா, உப்புநீர் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1954இல் அமெரிக்காவில் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது இதற்கு நேரடியான விடை கிடைத்தது. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு 28 பேருக்குப் போலியோ. போலி ஊசி போட்டவர்களில் 71. சோதனையில் சேராமல் எதையும் போட்டுக்கொள்ளாத பிள்ளைகளிடம் 46. போலி ஊசிக்காரர்களும் இவர்களும் தடுப்பூசி இல்லாதவர்களே, ஆனாலும் 71க்கு 46! விளக்கம் சுத்தத்தில் இருக்கிறது. வசதியும் சுகாதாரமும் உள்ள வீட்டுப் பெற்றோர் அதிகம் சம்மதித்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில், தாயின் எதிர்ப்பொருள் காவலிருக்கும்போது, கிருமி தொட்டிருக்காது. பள்ளி வயதில் முதல்முறை தொட்டபோது முடக்கிப் போட்டது. மறுத்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால் 28க்கு 46, பலன் 40 சதவீதத்துக்குள்தான் தெரிந்திருக்கும். சரியான ஒப்பீட்டில் அது 60.

கேள்வி: ஒற்றைப்படை ஓ.பி. சீட்டுக்குப் பழைய மருந்து, இரட்டைப்படைக்குப் புதிய மருந்து. இதுவும் சமவாய்ப்புதானே?
— மருத்துவர், தஞ்சாவூர்

சமமாகப் பிரியும், சமவாய்ப்பு ஆகாது. அடுத்த ஆளுக்கு எந்த மருந்து என்று சீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. மோசமான நோயாளி வரும்போது 'இவரை அடுத்த சீட்டில் சேர்க்கலாம்' என்று மனம் சொல்லும், நல்லெண்ணத்திலேயே சொல்லும். 1948இல் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் சோதனையில் பிராட்ஃபோர்ட் ஹில் இதைத் தடுக்கத்தான் ஒட்டிய உறைகளை வைத்தார். நோயாளி தகுதியுள்ளவர் என்று முடிவான பிறகே உறை பிரிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 55 பேரில் 4 மரணம். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. நம் சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய்ச் சோதனையும் 193 நோயாளிகளை வீடு, சானடோரியம் (காசநோய் மருத்துவமனை) என்று சமவாய்ப்பில் பிரித்ததால்தான், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்ற முடிவை உலகம் ஒப்புக்கொண்டது.

உறை கனமாக, வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நான்கு பேரிலும் இருவருக்குப் பழையது, இருவருக்குப் புதியது என்று சமப்படுத்தினால், மூன்று தெரிந்ததும் நான்காவதை ஊகித்துவிடலாம். ஆகவே நான்கு, ஆறு என்று கலந்து போடுங்கள். பட்டியல் தயாரிப்பவர் நோயாளியைச் சேர்ப்பவராக இருக்கக் கூடாது.

கேள்வி: கேரளத்தில் இறப்பு விகிதம் பீகாரைவிட அதிகம் என்று படித்தேன். கேரள மருத்துவம் பற்றிய பெருமையெல்லாம் வீணா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

எண் சரி. 2020ஆம் ஆண்டு பிறப்பு–இறப்பு மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் ஆயிரத்துக்குக் கேரளம் 7.0, பீகார் 5.4. காரணம் வயது, கேரளத்தில் முதியவர்கள் அதிகம்.

கணக்குக்காகக் கற்பனையாக இரண்டு ஊர். முதல் ஊரில் அறுபதுக்குக் கீழே ஆயிரத்துக்கு 2 மரணம், மேலே 40. இரண்டாம் ஊரில் 3, 45. எந்த வயதிலும் முதல் ஊரே மேல். ஆனால் அங்கே 17 சதவீதம் முதியவர்கள், இரண்டாம் ஊரில் 8 சதவீதம். மொத்த விகிதம் போட்டால் முதல் ஊர் 8.5, இரண்டாம் ஊர் 6.4. இரு ஊரிலும் முதியவர் 10 சதவீதம் என்று ஒரே அச்சில் வார்த்துப் பாருங்கள்: 5.8, 7.2. வயதுத் தரப்படுத்தல் என்பது இவ்வளவுதான். புற்றுநோய் 'முப்பது வருடத்தில் இரட்டிப்பு' என்று படிக்கும்போதும் தரப்படுத்திய எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரவை வயதுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் 'அட்ஜஸ்ட்' செய்துவிட்டால் பாதுகாப்புதானே?
— ஆய்வு உதவியாளர், கோயம்புத்தூர்

முதல் பாதிக்கு ஆம். வயதுக்கு அட்ஜஸ்ட் செய்வது என்றால் ஒரே வயதுக்காரர்களுக்குள் ஒப்பிடுவது போன்றது. வடகிழக்கு இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 1972–74இல் விசாரித்த பெண்களை இருபது ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். புகைத்த 582 பேரில் 139 மரணம், 24 சதவீதம். புகைக்காத 732 பேரில் 230 மரணம், 31 சதவீதம். சிகரெட் நிறுவனத்துக்கு இனிக்கும் செய்தி! வயதைப் பிரித்ததும் கசந்தது: 55–64 வயதில் புகைத்தவர்களில் 44 சதவீதம் இறந்திருந்தார்கள், புகைக்காதவர்களில் 33. அந்தத் தலைமுறை மூதாட்டிகள் அதிகம் புகைக்கவில்லை. 65ஐத் தாண்டிய 242 பேரில் 193 பேர் புகைக்காதவர்கள். அவர்களுக்கு இருபது ஆண்டில் மரணம் வயதால் வந்தது.

'மற்ற எல்லாவற்றுக்கும்' என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, அழுத்தம் பக்கவாதத்தைத் தருகிறது. உப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவைத் தேடும்போது அழுத்தத்தையும் அட்ஜஸ்ட் செய்தால், உப்பு போகும் வழியையே அடைத்துவிட்டு 'உப்பு வரவில்லை' என்று சொல்வதாகிவிடும். மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டும் வைத்து இரண்டு நோய்களுக்கு உறவு தேடுவது இன்னொரு பொறி. இரண்டு நோயும் தனித்தனியாக ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் என்பதால், வெளியே இல்லாத உறவு உள்ளே தோன்றும். 1946இல் ஜோசப் பெர்க்சன் காட்டியது. கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். அம்பு இரண்டு பக்கமும் வெளியே போகிற காரணியை அட்ஜஸ்ட் செய்யலாம். நடுவழியில் நிற்பதையும், இரண்டு அம்பும் வந்து குத்துவதையும் தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வில் பி மதிப்பு 0.06. 'மருந்துக்குப் பலன் இல்லை' என்று எழுதச் சொல்கிறார்கள். பக்கவிளைவு 300 பேரில் ஒருவருக்கும் இல்லை. அதையாவது 'பாதுகாப்பானது' என்று எழுதலாமா?
— மருந்தியல் மாணவி, சென்னை

இரண்டையும் எழுத வேண்டாம். உங்கள் அட்டவணையில் ரிலேட்டிவ் ரிஸ்க் 0.70, இடைவெளி 0.48 முதல் 1.02 வரை என்று இருக்கிறது. நோயைப் பாதியாகக் குறைக்கும் என்பதோடும் இது ஒத்துப்போகிறது, பலனே இல்லை என்பதோடும் ஒத்துப்போகிறது. இடைவெளியை அப்படியே எழுதி, 'இந்த எண்ணிக்கையில் முடிவு சொல்ல முடியாது' என்று விடுங்கள். பி மதிப்பு என்பது, மருந்துக்குப் பலனே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு. 0.05 ஒரு வழக்கம், 0.049க்குக் கைதட்டி 0.051க்கு முகம் திருப்ப அதில் ஒன்றுமில்லை. 0.06ஐ 0.04 ஆக்க ஆண், பெண், இளையவர், முதியவர் என்று தரவைத் துண்டு போட ஆரம்பிக்காதீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனை செய்தால், ஒன்றுமே இல்லாத மருந்துக்கும் ஏதாவது ஒன்றில் 0.05க்குக் கீழே கிடைக்க 64 சதவீத வாய்ப்பு உண்டு.

பூஜ்ஜியத்துக்கு மூன்றின் விதி இருக்கிறது. 3ஐ எத்தனை பேரைப் பார்த்தீர்களோ அதால் வகுங்கள், 95 சதவீத நம்பிக்கை இடைவெளியின் மேல் எல்லை கிடைக்கும்: 3÷300 = 1 சதவீதம். உண்மையில் நூறில் ஒருவருக்குப் பக்கவிளைவு வரும் மருந்துகூட உங்கள் 300 பேரிடம் ஒன்றும் காட்டாமல் போயிருக்கலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் வராது என்று எழுத ஆசைப்பட்டால், ஒரு பக்கவிளைவும் இல்லாமல் 3,000 பேரைப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.